செங்கோட்டை வீட்டுப் புல்தரையை எடுத்துவிட்டு, அம்மாவுக்குக் குனியாத தோட்டம்

எங்கள் வீட்டு முன்புறம் 40-க்கு 20 அடிப் புல்தரை, அப்பா ஆசையாகப் போட்டது. ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் பக்கமிருந்து சாரல் வந்துவிட்டால் வெட்ட வெட்ட வளரும். சித்திரையில் இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் மஞ்சளடித்துவிடும். அப்பா போனபிறகு, 74 வயது அம்மா ஒரு காலை நீட்டி உட்கார்ந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இனி இந்தப் புல் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதல் வேலை அளவெடுப்பது. செடி வாங்கப் போய்விடாதீர்கள். யாருக்காகத் தோட்டமோ அவரை நிற்கவைத்து, குனியாமல் கை எட்டும் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். "இதுவரைக்கும் சொகமா இருக்குய்யா" என்று அம்மா காட்டிய இடம் தரையிலிருந்து 28 அங்குலம். முன்னால் கை நீட்டினால் 22 அங்குலம். எங்கள் தோட்டம் முழுக்க இந்த இரண்டு எண்களில்தான் நிற்கிறது.

அடுத்து புல்லைச் சாகடிக்க வேண்டும். சித்திரை வெயில் இதற்குத் தோதானது. புல்லை ஒட்ட வெட்டி, நன்றாகத் தண்ணீர் விட்டு, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் கல் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் புல் வெளுத்து மக்கிவிடும். கோரை மட்டும் சாகாது. அதன் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மண் ஈரமாக இருக்கும்போது மம்பட்டியால் கொத்தி, கிழங்கைக் கையால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு இதற்கே மூன்று நாள் ஆனது.

அப்புறம் நடைபாதை. செலவில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள், ஏனென்றால் வயதானவர் விழுந்துவிட்டால் தோட்டத்தால் என்ன பயன்? அகலம் 4 அடி இருந்தால் வாக்கரோ சக்கர நாற்காலியோ தாராளமாகப் போகும். சரளைக்கல் கொட்டாதீர்கள், கைத்தடி புதையும். மெருகேற்றிய கடப்பா கல்லும் வேண்டாம், சாரலில் பாசி பிடித்து வழுக்கும். கான்கிரீட் போதும். அது இறுகத் தொடங்கும் நேரத்தில், பாதைக்குக் குறுக்கே தென்னந்துடைப்பத்தை இழுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் மழைநாளிலும் கால் பிடிக்கும். தண்ணீர் தேங்காமலிருக்க ஒரு பக்கமாக 1 அங்குலம் சரிவு கொடுங்கள். வாசல்படி 6 அங்குலம் உயரம் என்றால் அதற்குப் பதில் 6 அடி நீளச் சாய்தளம் வேண்டும்.

பாதையின் இரு பக்கமும் உயரப் பாத்தி. 8 அங்குல ஹாலோ பிளாக் மூன்று வரிசை, மேலே ஒரு பலகைக்கல் வைத்தால் பூச்சோடு சேர்ந்து 28 அங்குலம் வந்துவிடும். பாத்தியின் உள் அகலம் 20 அங்குலம். அதற்கு மேல் போனால் பின்வரிசைச் செடி கைக்கு எட்டாது. தண்ணீர் வடிய அடிவரிசையில் 3 அடிக்கு ஓர் ஓட்டை விடுங்கள். கீழே ஓர் அடிக்குக் காய்ந்த தேங்காய் மட்டை, அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. வருஷத்தில் ஒரு சாண் அமுங்கும், அப்போது மேலே நிரப்பிக்கொள்ளலாம்.

நடுவதற்கு ஆனிச் சாரல் தொடக்கம் நல்லது, வேர் பிடிக்கும்வரை மழையே பார்த்துக்கொள்ளும். பாத்தியில் துளசி, கற்பூரவல்லி, கற்றாழை. தரையில் வெட்சி, நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. வேரூன்றிவிட்டால் இவை தினமும் தண்ணீர் கேட்காது. அரளி வளர்ப்பது சுலபம்தான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் வைக்காதீர்கள்.

செடிகளுக்கு இடையில் 3 அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு போட்டால் களை குறையும், ஈரமும் காயாது. தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகிவிடும். வாசலிலிருந்து 3 அடிக்கு மூடாக்கே வேண்டாம். பூச்சி பொட்டு ஒளிந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாகக் குழாய். அதையும் இடுப்பு உயரத்தில், திருகாமல் தட்டித் திறக்கும் கைப்பிடியோடு வையுங்கள். அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கும் நாளிலும் புறங்கையால் தட்டித் திறந்து, துளசிக்கு ஒரு செம்பு ஊற்றிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.