நீச்சல் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு வலுப் பயிற்சி: தோளைக் கெடுக்காமல் தொடங்குவது எப்படி?

"சின்ன வயசில் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்" என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். முறையாகக் கற்றுக்கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவைக்கும் பயிற்சியால் உயரம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. நீந்துகிறவர்களுக்கு இது கூடுதலாகவே தேவை. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால், ஓடும் பிள்ளையின் எலும்புக்குக் கிடைக்கும் வேலை நீந்தும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

படி 1: தோள் ஏற்கெனவே படும் பாட்டைக் கணக்கிடுங்கள்

இதைச் செய்யாமல் டம்பெல் பக்கம் போகாதீர்கள். 25 மீட்டர் குளத்தில் 4 கிலோமீட்டர் என்றால் 160 நீளம். ஃப்ரீஸ்டைலில் நீளத்துக்கு 20 கைவீச்சு என்று வையுங்கள்: மொத்தம் 3,200, ஒரு தோளுக்கு 1,600. வாரத்தில் 5 நாள் நீந்தினால் 8,000. இத்தனை தடவையும் கையை உள்பக்கம் திருப்பி இழுக்கும் மார்புத் தசையும் முதுகின் பெரிய தசையும் வலுத்துக்கொண்டே போகின்றன. கையை வெளிப்பக்கம் திருப்பும் சின்னத் தசைகளும், தோள்பட்டை எலும்பை நகராமல் பிடித்துவைக்கும் தசைகளும் பின்தங்கிவிடுகின்றன. அவை களைத்துப்போன பிறகும் நீந்திக்கொண்டே இருந்தால் தோள்வலிக்கு வழி திறந்துவிடும்.

ஆகவே தண்ணீரில் செய்யும் அதே இழுப்பைத் தரையிலும் கூட்டிச் செய்யவைப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். தரையில் எதிர்த்திசைத் தசைகளுக்குத்தான் முதல் உரிமை. அப்புறம், பேடில் (paddle, உள்ளங்கையில் மாட்டும் தட்டையான பிளாஸ்டிக் தகடு) மாட்டி நீந்துவதும் தோளுக்கு எடைப் பயிற்சிதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடம்பின் எடையே போதும்

சொன்னதைக் கேட்டுச் செய்யும் பக்குவம் இருந்தால் 7, 8 வயதிலேயே தொடங்கலாம். ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது), புஷ்-அப், இவ்வளவுதான். புஷ்-அப்பில் மேலே வந்ததும் நிறுத்தாமல், முழங்கையை மடக்காமலேயே தரையை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகி, மேல்முதுகு லேசாக உயரும். அந்தக் கடைசி இரண்டு அங்குலம்தான் நீச்சல்காரருக்கு முக்கியம். முழு புஷ்-அப் வராவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யட்டும்.

படி 3: ரப்பர் பேண்ட்

பேண்டை முழங்கை உயரத்தில் கட்டிவிட்டு, பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். கட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையால் பேண்டைப் பிடிக்க வேண்டும். சிறிய துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையை மட்டும் வெளியே திருப்பச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மெதுவாக, மூன்று எண்ணும் நேரம் எடுக்கட்டும். துண்டு விழுந்தாலோ, மணிக்கட்டு பின்னால் வளைந்தாலோ, இடுப்பும் சேர்ந்து திரும்பினாலோ பேண்ட் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். இலேசானதுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யும்போது பிள்ளைக்குச் சலிப்பு வரும், வரட்டும்.

இதோடு, பேண்டை முன்னால் கட்டி, இரு கையாலும் விலாவை நோக்கி இழுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது.

படி 4: எடையைக் கூட்டுவது

1 அல்லது 2 செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 தடவை என்று தொடங்கலாம். 15 தடவையும் ஒரே சீராக வந்தால் மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். "அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய், பார்ப்போம்" என்ற விளையாட்டு வேண்டாம்.

பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் சடசடவென்று உயருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உயரத்தைக் குறித்து வைத்தால் அது தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் நேற்று வரை ஒழுங்காக வந்த ஸ்குவாட்கூடத் தடுமாறும். எடையைக் கூட்டாமல் அசைவைச் சரிசெய்யுங்கள்.

படி 5: எந்த நாள்?

வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. பேடில் மாட்டி நீண்ட தூரம் நீந்திய நாளில் தோள் பயிற்சி வேண்டாம்.

படி 6: வலி வந்தால்

தசை இறுக்கம் ஓரிரு நாளில் போய்விடும். தோளின் முன்பக்கம் குத்தும் வலி, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாமை, தவளை போல நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையில் முழங்காலின் உள்பக்க வலி, இரு கையையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃப்ளைக்குப் பிறகு முதுகை வளைத்தால் இடுப்பில் வலி ஆகியவை வேறு ரகம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

"தோள்தானே வலிக்கிறது, காலால் மட்டும் உதைத்து நீந்து" என்று பிடித்து மிதக்கும் பலகையைக் கொடுப்பதும் குளத்தில் நடக்கும். கையை முன்னால் நீட்டிப் பலகையைப் பிடிக்கும் நிலையே வலிக்கும் தோளை நெருக்கும். உதைப் பயிற்சி வேண்டுமென்றால் மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துச் செய்யட்டும்.