புது வருடத்துக்கு கோல்ஃப் இலக்கு வைப்பது எப்படி: மதுரையில் இருந்துகொண்டே ஒரு வருடத் திட்டம்

போன வருடத்து ஸ்கோர் கார்டுகளை முதலில் தேடி எடுங்கள். கோல்ஃப் பையின் ஓரப் பையில் கசங்கிக் கிடக்கும், காரின் டேஷ்போர்டில் இருக்கும், இரண்டு மூன்று கிடைத்தாலே போதும். இலக்கு வைக்கிற வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. "இந்த வருடம் நூறுக்குள் ஆடணும்" என்று டைரியில் எழுதிவிட்டு (கோல்ஃபில் அடிகளின் எண்ணிக்கைதான் ஸ்கோர், குறைந்தால் நல்லது) டிரைவரை, அதாவது தூரம் அடிக்கிற பெரிய மட்டையை, தூக்கிக்கொண்டு கிளம்பினால் மார்ச் மாதத்துக்குள் அது மறந்துவிடும். மதுரையில் இருந்துகொண்டு, மாதத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல் மலையேறி ஆடுகிற என்னைப் போன்றவர்களுக்கு, மீதி 29 நாளும் வீட்டில் செய்யக்கூடியதை இலக்காக வைப்பதுதான் பலன் தரும்.

முதல் படி: அடிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள்

கார்டில் மொத்தம் மட்டும் எழுதியிருந்தால் அடுத்த ரவுண்டிலிருந்து ஒவ்வொரு ஹோலுக்கும் (ஒரு குழிக்கான ஆட்டம், முழு ரவுண்டுக்கு 18) பக்கத்தில் இரண்டு சின்ன எண்கள் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை பட் (குழிக்கு அருகே பந்தை உருட்டும் அடி), எத்தனை பெனால்டி (தண்டனையாகக் கூட்டப்படும் அடி). அவ்வளவுதான், இதற்கு மேல் ஆரம்பத்தில் தேவையில்லை.

என் கார்டு ஒன்றைச் சொல்கிறேன். மொத்தம் 112. அதில் பட் மட்டும் 41, ஒன்பது ஹோல்களில் மூன்று பட். பெனால்டி 7. இதைப் பார்க்கும்வரை என் பிரச்சினை தூரம்தான் என்று நினைத்து, இருட்டுவதற்குள் வலையில் டிரைவரை அடித்து அடித்துத் தோள்பட்டையை வலிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பார் (நன்றாக ஆடுகிறவர் எடுக்க வேண்டிய மொத்த அடி) 72 என்று ஒரு மைதானம் சொன்னால் அந்த 72-இல் 36 அடி பட்டுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள், ஹோலுக்கு இரண்டு வீதம். மூன்று பட் ஹோல்கள் ஒன்பதை நான்காகக் குறைத்தால் 5 அடி மிச்சம், பெனால்டி ஏழை மூன்றாக்கினால் இன்னும் 4. ஸ்விங்கில், அதாவது மட்டை வீசும் விதத்தில், எதையும் மாற்றாமலே 112 என்பது 103 ஆகிறது.

இரண்டாவது படி: ஒரு பெரிய இலக்கு, இரண்டு சின்ன இலக்கு

பெரியது ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஹாண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்ல ஆட்டம்) இல்லாத புதியவர் என்றால் அதை வாங்குவதையே வருட இலக்காக வையுங்கள் என்பேன். 2020-இல் வந்த உலக ஹாண்டிகேப் முறையில் 54 ஹோல்களுக்கான ஸ்கோர் கொடுத்தால் முதல் எண் கிடைக்கும், அதாவது மூன்று முழு ரவுண்டு, அல்லது ஆறு அரை ரவுண்டு. உச்ச வரம்பு 54.0 என்பதால் நன்றாக ஆடத் தெரிந்த பிறகுதான் வாங்கணும் என்று தள்ளிப்போட வேண்டாம். போகப் போகக் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த எட்டைத்தான் சராசரிக்கு எடுப்பார்கள், ஒரு நாள் சொதப்பினால் பயப்பட வேண்டியதில்லை.

சின்ன இலக்கு இரண்டும் உங்கள் கையில் இருப்பதாக, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "பட்டிங்கில் முன்னேறணும்" என்பது ஆசை. "வாரத்தில் நாலு நாள், தினம் இருபது நிமிடம், மூன்றடி தூரத்திலிருந்து தொடர்ந்து இருபது பந்தை உள்ளே போடுவது" என்பது இலக்கு.

மூன்றாவது படி: மொட்டை மாடியைப் பயன்படுத்துங்கள்

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆட்டம் மாறியது இங்கேதான்.

மூன்றடி பட்டுக்கு வீட்டுக்குள்ளேயே ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள், வெறும் டைல்ஸில் பந்து வழுக்கி ஓடும். ஜமுக்காளத்தின் கோடுகள் நேராக இருக்கும், ஒரு கோட்டின் மேல் பந்தை வைத்து, கோட்டின் முனையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பட வையுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் அதைவிட ஒல்லி. ஒரு மாதம் டம்ளரில் பழகிவிட்டு கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) போய் நின்றால் குழி அண்டா மாதிரி தெரியும்.

ஆனால் மூன்று பட் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் பட்டின் தூரம் தப்புவதுதான், திசை இல்லை. அதற்கு மாடி. சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 15 அடி, 25 அடி, இடமிருந்தால் 35 அடியிலிருந்து அடித்து, பந்து கோட்டைத் தாண்டி இரண்டு முழத்துக்குள் நிற்க வேண்டும். கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் கணக்கில்லை. மழைத்தண்ணீர் வடிய மாடியில் கொத்தனார் ஒரு வாட்டம் விட்டிருப்பார், கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் பக்கமாக அடித்தால் ஓடும், எதிர்ப் பக்கம் அடித்தால் திணறும், குறுக்கே அடித்தால் வளையும். கிரீனில் சரிவு பார்ப்பது என்று சொல்கிறார்களே, அதைக் காலடியில் உணர எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வாட்டம்தான். தரை சொரசொரப்பாக இருந்தால் பழைய பந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடும் சின்ன அடி) அடிக்க ஒரு ஈரச் சாக்கு போதும். பத்துத் தப்படி தள்ளி விரித்து, பந்து சாக்கின் மேல் விழ வேண்டும், அதற்குப் பிறகு எங்கே உருண்டால் என்ன. பக்கத்தில் மைதானம் இருந்தால் அனுமதி கேட்டுவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தில் மட்டும்.

நான்காவது படி: தூரத்தை எழுதி வையுங்கள், மலைத் தூரத்தைத் தனியாக

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, ஏறக்குறைய 7000 அடி உயரத்தில் இருக்கிற 18 ஹோல் மைதானம். அந்த உயரத்தில் காற்று லேசு, பந்து சமவெளியில் போவதைவிட சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கீழே 130 கஜம் போகிற அடி மேலே 140-ஐத் தொடும். இது தெரியாமல் நான் கிரீனைத் தாண்டித் தாண்டி அடித்துக்கொண்டிருந்தபோது கூட வந்த கேடி (பையைத் தூக்கி வருபவர்) அண்ணன், "சார், ஏழாம் நம்பரை வைங்க, எட்டை எடுங்க" என்றார், மட்டையின் எண் கூடினால் தூரம் குறையும். அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு மட்டைக்கும் இரண்டு எண்.

பெனால்டியைக் குறைக்க ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் மரம் நெருக்கமாக இருக்கிற ஹோலில் டிரைவர் பையை விட்டு வெளியே வரக் கூடாது. 2019-லிருந்து தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். பந்து போனால் ஒரு அடி பெனால்டி, மறுபடி பழைய இடத்துக்கே போய் அடிக்க வேண்டும்.

ஐந்தாவது படி: வருடத்தை நம் ஊர்க் காலத்தோடு பொருத்துங்கள்

மார்கழியும் தையும் காலைப் பயிற்சிக்கு அருமையான நேரம், மாடிப் பயிற்சியை இப்போதே ஆரம்பியுங்கள். சித்திரையில் திருவிழா, அப்புறம் கத்திரி வெயில், மலையிலும் சீசன் கூட்டம். அந்த இரண்டு மாதமும் ஜமுக்காளம் மட்டும் போதும், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஹாண்டிகேப்புக்கான ரவுண்டுகளைப் பிப்ரவரி, மார்ச்சில் வையுங்கள், மிச்சமிருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில். ஐப்பசி மழையில் மலைப் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிளம்புவதற்கு முன் வெளியாட்கள் ஆட இடம் இருக்கிறதா என்று கிளப்பில் கேட்டுவிடுங்கள், 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நோட்டைத் திறந்து மூன்று எண்களைப் பாருங்கள்: பட், மூன்று பட், பெனால்டி. இரண்டு மாதமாக ஒரு எண் அசையவில்லை என்றால் இலக்கைக் கைவிட வேண்டாம், பயிற்சியை மாற்றுங்கள். எனக்கு ஜூனில் மூன்று பட் ஏழிலேயே நின்றது. மூன்றடிப் பயிற்சியைப் பாதியாக்கி 25 அடிக்கு நேரத்தைக் கொடுத்தேன், ஆகஸ்டில் ஐந்தாகியது. இந்த ஜனவரியில் அதே சாக்பீஸ் கோட்டை 35 அடிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.