ஜிம்னியில் வின்ச், ஸ்டீல் பம்பர் ஏற்றும் முன் சஸ்பென்ஷனைப் பாருங்கள்

சுசுகி ஜிம்னியில் வின்ச் (வண்டி சிக்கினால் கம்பியால் இழுக்கும் கருவி), ஸ்டீல் பம்பர் ஏற்றினால் எடை கூடும், ஆனால் அதற்காக முதலில் ஸ்பிரிங் வாங்காதீர்கள். வண்டியில் வழக்கமாகக் கொண்டுபோகும் எல்லாவற்றையும் ஏற்றி, டேங்கையும் நிரப்பி, எடை மேடையில் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியாக எடை போடுங்கள். அந்த எண்களைக் கடைக்காரரிடம் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங் கேளுங்கள், எத்தனை அங்குலம் உயரும் என்பது அப்புறம்தான். எப்போதாவது ஒருமுறை ஏற்றும் சுமைக்காகக் கனமான ஸ்பிரிங் போட்டால் வெறும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதாது, அழுத்தமான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க முடியாது, அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் திட ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) என்பதால், வண்டியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து ஸ்டியரிங் நிலையில்லாமல் அலையும். அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போட வேண்டும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும், வண்டி உயர்ந்தால் ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுக்கும், நீளம் மாற்றக்கூடிய ராட் நல்லது.

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிரேக் ஹோஸ் நீளம், அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங் மாற்றியதால் ஆர்சியில் உள்ள மொத்த எடை வரம்பு கூடிவிடாது.