ஒற்றைக் கயிற்றில் துறையோடு ஒட்டிய படகு

படகைத் தனியாகத் துறையில் கட்டுவதில் நாலு நாளாக ஒரே தொல்லை. துறையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில், முன்கயிற்றைக் கட்டினால் பின்பக்கம் விலகும், பின்கயிற்றைக் கட்டினால் முன்பக்கம் திரும்பிவிடும். நீளக் கயிறு, கொக்கிக் கழி எதுவும் தனி ஆளுக்கு உதவவில்லை.

கடைசியில் படகின் நடுவிலிருந்து ஒரே கயிறு போட்டு, அதைத் துறையில் சற்றுப் பின்னால் இருக்கும் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) மாட்டி, என்ஜினை முன் கியரில் குறைந்த வேகத்தில் விட்டேன். சுக்கானைச் சக்கரத்தால் திருப்பும் படகென்றால் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், என்னுடையது டில்லர் (கையால் தள்ளும் சுக்கான் பிடி, தள்ளும் பக்கத்துக்கு எதிராகப் படகு திரும்பும்), அதனால் துறைப் பக்கமே தள்ளிக் கட்டி வைத்தேன். படகு தானே வந்து, உரசாமல் தடுக்கும் மெத்தையான ஃபெண்டரில் ஒட்டி நின்றது. அப்பாடா!

ஆனாலும் முன்பக்கம் லேசாக வெளியே போனது. கயிறு புறப்படும் இடம் நடுவைவிடப் பின்னால் இருந்ததுதான் காரணம். ஒரு கப்பி மாட்டி அதை ஒன்றரை அடி முன்னே நகர்த்தினேன், சரியாகிவிட்டது. மற்ற கயிறுகளைக் கட்டி முடிக்கும்வரை கியரை எடுக்கவே கூடாது.