புது டிஸ்கோ வேண்டுமா? வாங்கினவர்களைப் பின்தொடருங்கள்

புதிதாக வரும் டிஸ்கோ புரொடியூசர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் புரொடியூசர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். நடன இசையில் அப்படியில்லை, லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிரம், பேஸ், சிந்தசைசர் எல்லாவற்றையும் தானே அடுக்கி ஒரு டிராக்கை முடிக்கிறவருக்குத்தான் அந்தப் பெயர். புதிதாக வருகிறவர் என்றால் பெரும்பாலும் பகலில் வேறு வேலை, விளம்பரத்துக்குக் காசு இருக்காது. அதனால் ஸ்பாட்டிஃபை தானாக நீட்டும் பட்டியலிலோ நடன இசை விற்கும் பீட்போர்ட் தளத்தின் டாப் 100-இலோ அவரைத் தேடிப் பயனில்லை, ஏற்கெனவே விற்றதுதான் அங்கே இன்னும் விற்கும்.

விற்பனையை வைத்து இசையை எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். சரண்ஜித் சிங் என்ற பம்பாய் சினிமா இசைக்கலைஞர் 1982-இல் ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் கருவியையும் டிஆர்-808 என்ற டிரம் கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அன்றைக்குச் சீந்த ஆளில்லை. 2010-இல் ஒரு டச்சு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகமே வாயைப் பிளந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நான் தேடுவது இசைக்கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில். டிஸ்கோ, நு-டிஸ்கோ, இட்டாலோ-டிஸ்கோ என்று டேக் (வகைப் பெயர்) வாரியாகப் பார்த்து, புதிதாக வந்தவற்றை மேலே வருமாறு வரிசைப்படுத்தலாம், அது ஒரு வழி. ஆனால் அதில் குப்பையும் சேர்ந்தே வரும். எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறு. உங்களுக்கு ரொம்பப் பிடித்த, அவ்வளவு பிரபலமாகாத ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் அதைக் காசு கொடுத்து வாங்கினவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்றைத் தட்டினால் அந்த ஆள் இதுவரை வாங்கியது மொத்தமும் விரியும். லைக் போடுவதற்குச் செலவில்லை, இவர்கள் பர்ஸைத் திறந்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். மூவாயிரம் ஆல்பம் வைத்திருப்பவரை விட்டுவிடுங்கள், அவர் எல்லாவற்றையும் வாங்குவார். நூறு, இருநூறு வாங்கியவராக, அதில் உங்களுக்குப் பிடித்தது இரண்டு மூன்றாவது இருப்பவராகப் பார்த்து ஃபாலோ செய்யுங்கள். அப்படி நாலைந்து பேர் சிக்கினால் போதும், அவர்கள் எதை வாங்கினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது லேபிள். புரூக்ளினின் ரேஸர்-என்-டேப், பெர்லினின் டாய் டானிக்ஸ், ஆம்ஸ்டர்டாமின் ஹெய்ஸ்ட் இவையெல்லாம் ஓரளவு பெயர் வாங்கியவை, தொடங்குவதற்கு நல்லவை. லேபிளில் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது பலர் சேர்ந்த தொகுப்பு ஆல்பங்களை. புது ஆளை நம்பி முழு ஆல்பம் போட எந்த லேபிளும் யோசிக்கும், தொகுப்பில் ஒரு டிராக்குக்கு இடம் கொடுத்துப் பார்க்கும். தெரியாத பெயர் ஒன்று நன்றாக இருந்தால் அவருடைய சொந்தப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். சிங்கிளின் கடைசியில் வரும் ரீமிக்ஸ் யார் செய்தது என்றும் பாருங்கள், அவரும் புது ஆளாக இருக்கலாம்.

இணைய ரேடியோவும் உண்டு. லண்டனின் என்டிஎஸ் 2011-இலிருந்து ஓடுகிறது, புரூக்ளினின் தி லாட் ரேடியோ ஒரு கப்பல் கன்டெய்னருக்குள் உட்கார்ந்து ஒலிபரப்புகிறது. என்டிஎஸ்ஸில் பல நிகழ்ச்சிகளுக்கு டிராக் பட்டியலும் போடுவார்கள், வேலை மிச்சம். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் ஆப்பை ரொம்ப நம்ப வேண்டாம், இன்னும் வெளிவராத டிராக் அதற்கு எப்படித் தெரியும்?

அப்புறம், கேட்கிற முறை. இது டிஜேக்காகச் செய்த இசை, முந்தைய பாட்டோடு இழைப்பதற்காக ஆரம்பத்தில் வெறும் டிரம்தான் ஓடும். நிமிடத்துக்கு 120 தாள அடி, நாலு அடி சேர்ந்தால் ஒரு பார் என்றால் பதினாறு பார், அதாவது 64 அடி, முடியவே 32 விநாடி ஆகும். முப்பது விநாடியில் 'ஒன்றுமில்லை' என்று மூடுகிறவர்கள் பாட்டையே கேட்கவில்லை. நான் நேராக மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போய்க் கேட்பேன், அங்கே பேஸ் பிடித்தால் திரும்பி முதலிலிருந்து. தயவுசெய்து ஹெட்ஃபோன், போன் ஸ்பீக்கரில் டிஸ்கோ கேட்பது ரசம் இல்லாத சாப்பாடு மாதிரி, பேஸே காணாமல் போய்விடும்.

பிடித்தால் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 2020 மார்ச்சில் ஆரம்பித்த பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். நேரத்தையும் பாருங்கள், அது அமெரிக்காவின் பசிபிக் நேரக் கணக்கு, இந்தியாவில் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு, அங்கே குளிர்காலமானால் ஒன்றரைக்குத்தான் தொடங்கும். நான் ஒரு தடவை காலை காபியோடு உட்கார்ந்து ஆறு ஆல்பம் வாங்கி முடித்தேன், கலிஃபோர்னியாவில் அப்போது இன்னும் வியாழக்கிழமை.