இ-போர்ட்ஃபோலியோவுக்கு ரூப்ரிக் போடும்போது சறுக்கும் இடங்கள்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதல்முறை இ-போர்ட்ஃபோலியோக்களுக்கு (மாணவர் தன் வேலைகளைச் சேர்த்து ஆன்லைனில் வைக்கும் தொகுப்பு) மார்க் போட்டபோது என் பட்டியலில் முதலில் வந்தது, பார்க்க ஜோராக இருந்த ஒன்று. பேனர், கலர் கலராக ஐகான், எல்லாம் உண்டு; உள்ளே போனால் அஞ்சு அசைன்மென்ட் பிடிஎஃப், அவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், இலவம்பாடி முள்கத்தரி பற்றிச் செய்த கள வேலையைப் போனிலேயே ஏற்றியிருந்தாள்: முதல் வரைவு, அதில் நான் சிவப்பில் கிறுக்கியது, திருத்திய வரைவு, கூடவே ஒரு குறிப்பு. 'விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன், விதை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, அதனால் மறுபடி போனேன்.' அவளுக்கு மார்க் குறைவு. ஏனென்றால் என் ரூப்ரிக்கில், அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்று வரியும் கட்டமுமாகப் போட்ட அட்டவணையில், வடிவமைப்புக்கு 10, சுயபரிசீலனைக்கு 5. தப்பு முழுக்க என்னுடையது.

அடுத்து, கட்டங்களில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று எழுதுவது. அது ரூப்ரிக் இல்லை, மார்க்கையே வார்த்தையில் எழுதுவது. கண்ணால் பார்க்க முடிவதை எழுதுங்கள். மேல் கட்டத்தில் 'தன் குறையைச் சொல்லி, திருத்தியதை ஆதாரத்தோடு காட்டுகிறார்'. அதற்குக் கீழே 'குறையைச் சொல்கிறார், திருத்தவில்லை'. கடைசியில் 'செய்ததை வரிசையாகச் சொல்வதோடு சரி'.

இன்னொன்று, நெட்டில் கிடைத்ததை அப்படியே இறக்குவது. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009-இல் வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்குகள் நல்லவைதான், ஆனால் அவை பட்டப்படிப்பு முழுவதிலும் மாணவர் எவ்வளவு வளர்ந்தார் என்று பார்க்கச் செய்தவை, ஒரு பேப்பருக்கு மார்க் போட அல்ல. அதில் மேல் கட்டமான 4 என்பது படிப்பை முடிக்கும்போது எட்ட வேண்டிய நிலை. முதலாண்டு மாணவர் 1-இல் இருந்தால் அது தொடக்கம். நீங்கள் அதை இன்டர்னலுக்காக நூற்றுக்கு மாற்றினால் 25, ஃபெயில்!

வரிகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 60 பேர், 12 வரி என்றால் 720 டிக். நாற்பதாவது போர்ட்ஃபோலியோ வரும்போது, அதுவும் வேலூர் மே மாத வெயிலில், கை தானாக மூன்றாவது கட்டத்துக்குப் போகும். ஐந்து வரி போதும்.

இரண்டு பேர் திருத்துவதாக இருந்தால் முதலில் அதே மூன்று போர்ட்ஃபோலியோக்களைத் தனித்தனியாகத் திருத்திவிட்டு, எந்த வரியில் மார்க் எட்ட எட்ட நிற்கிறதோ அதை மட்டும் வைத்து உட்கார்ந்து சண்டை போடுங்கள். பெரும்பாலும் அந்த வரியின் வாசகம்தான் குழப்பமாக இருக்கும். ரூப்ரிக்கை முதல் வாரமே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள், கடைசி வாரம் கொடுத்தால் எடுத்து வைக்க அவர்களிடம் பழைய வரைவுகளே இருக்காது.

அப்புறம் மாணவர்கள் அனுப்பும் போர்ட்ஃபோலியோ லிங்க். பெர்மிஷன் இல்லாமல் திறக்கவில்லை என்றால் பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள். அனுப்புமுன் இன்காக்னிட்டோவில் (லாகின் இல்லாத பிரவுசர் விண்டோவில்) ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.