பாரிஸ் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாரிஸில் ஆள் இல்லாத வீடு குறைவு. மகள் பிரசவத்துக்கு, மகனின் புது வீட்டுக்கு, பேத்தியின் புதுநன்மைக்கு என்று வருஷம் முழுக்க யாராவது பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வழிச் சாப்பாடு செய்து கொடுப்பது என் தொழில். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள், நானும் எக்கானமி வகுப்பில்தான் போய்வருகிறேன். "பிளேன்லதான் சாப்பாடு தராங்களே அக்கா, எதுக்குக் கட்டணும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் நேரக் கணக்கைச் சொல்வேன்.

சென்னையிலிருந்து துபாய், டோஹா பக்கம் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. விடியற்காலை 4 மணி விமானம் என்று வையுங்கள். 3 மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஈசிஆர் வழியோ திண்டிவனம் வழியோ, 3 மணி நேரமாவது ஆகும். கடலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் அரை மணி, முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, முந்தின இரவு 9 மணிக்கெல்லாம் வாசலில் கார் நிற்க வேண்டும். துபாய்க்கு 4 மணி நேரம், அங்கே காத்திருப்பு, அப்புறம் பாரிஸுக்கு 7 மணி நேரம். வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, மகள் வீட்டு மேஜையில் உட்காரும்போது நம் ஊர்க் கடிகாரத்தில் மறுநாள் மாலை 7 மணி தாண்டியிருக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அதில் விமானத்தில் வருகிற சாப்பாடு இரண்டோ மூன்றோ வேளைதான், அதுவும் நம் வயிறு கேட்கிற நேரத்தில் வராது. மீதி நேரத்துக்குத்தான் கட்டுச்சோறு.

முதல் வேலை, விமானச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைப்பது. பணம் எதுவும் கூடுதலாகக் கேட்காமல் சிறப்புச் சாப்பாடு தருகிற நிறுவனங்கள்தான் இந்த வழியில் பெரும்பாலும் ஓடுகின்றன. ஆனால் கிளம்புவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் இன்னும் முன்னதாகவே கேட்பார்கள். டிக்கெட் எடுத்த அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறுமனே 'வெஜிடேரியன்' என்று சொல்லிவிட்டு வந்தால் பாஸ்தாவும் வேகவைத்த காயும் வரலாம். நம் ஊர் மாதிரிச் சோறு, சப்பாத்தி, மசாலாக் கூட்டு வேண்டுமானால் 'ஏவிஎம்எல்' என்ற குறியீட்டைக் கேளுங்கள், அது ஆசிய சைவச் சாப்பாடு. மாட்டிறைச்சி இல்லாத அசைவத்துக்கு 'ஹெச்என்எம்எல்'. சர்க்கரைக்காரர்களுக்கு 'டிபிஎம்எல்', வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குக் காரமில்லாத 'பிஎல்எம்எல்', பழம் மட்டும் போதும் என்றால் 'எஃப்பிஎம்எல்'. ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள் அவர் வாயால் "போட்டாச்சு" என்று சொன்னதோடு விடாமல், இரண்டு விமானத்துக்கும் குறியீடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தை மாற்றினால் இந்தப் பதிவு விடுபட்டுப்போகலாம், மறுபடியும் பார்க்க வேண்டும். சிறப்புச் சாப்பாட்டில் ஒரு சௌகரியம், வண்டி தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்னாலேயே நம் தட்டு வந்துவிடும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிற குறைந்த கட்டண விமானங்களின் கதை வேறு. சாப்பாடு விலைக்குத்தான். சிலவற்றில் வெளியிலிருந்து கொண்டுவந்ததை உள்ளே சாப்பிடவும் விடமாட்டார்கள். அதனால் விதியை முன்பே படித்துவிடுங்கள்.

இனி வயிற்றைப் பற்றி. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி. கடற்கரையில் இருக்கிற நாம் சில நிமிஷத்தில் ஊட்டி உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். அழுத்தம் குறையக் குறைய குடலில் இருக்கிற காற்று விரியும், வயிறு கல்லென்று உப்பிக்கொள்ளும். அதனால் கிளம்புகிற அன்று சுண்டல், மொச்சை, முட்டைக்கோஸ், சோடா எதுவும் வேண்டாம். இரவுச் சாப்பாடு ரசம் சாதமும் ஒரு பொரியலுமாக இருக்கட்டும்.

இன்னொன்று, மேலே நாக்கு கொஞ்சம் மந்தமாகிவிடும். காற்றில் ஈரமே இருக்காது, மூக்கு காய்ந்துபோகும், இரைச்சல் வேறு. உப்பும் இனிப்பும் பாதி தூரம்தான் எட்டும். புளிப்பும் காரமும் நன்றாகவே தெரியும். நம் புளிசாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நான் நம்புகிறேன். தக்காளித் தொக்கும் அப்படித்தான்.

நான் எல்லோருக்கும் கட்டாயம் வைப்பது பொடி இட்லி. அதன் பக்குவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில் அவசரப்படுகிறார்கள். சின்ன இட்லியாக, கைக்கு ஒன்று எடுத்து இரண்டு கடியில் முடிகிற அளவில் வார்த்துக்கொள்ளுங்கள். வெந்ததும் தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் முழுக்க ஆறவிட வேண்டும். சூடு இருக்கும்போதே மூடினால் ஆவி தண்ணீராகி, இட்லி நொசநொசவென்று ஆகி, செங்கல்பட்டு தாண்டும்போதே புளித்த வாடை வந்துவிடும். பொடியில் தேங்காய், பூண்டு இரண்டும் சேர்க்காதீர்கள். உளுந்து, கடலைப் பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம் போதும். வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை உப்பு கூட இருக்கட்டும். நல்லெண்ணெயில் பொடியைக் குழைத்து இட்லியின் இரண்டு பக்கமும் தடவி, அரை மணி ஊறவிடுங்கள். எண்ணெய் வழியக் கூடாது, கையில் பட்டால் துடைத்துக்கொள்ள அங்கே பேப்பர் துண்டுதான் இருக்கும். தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே ஃபாயில் பேப்பர் சுற்றி, ஆளுக்கு ஆறு இட்லி ஒரு பொட்டலம். தனித்தனிப் பொட்டலமாக இருந்தால் எழுந்து பெட்டியை இறக்காமல் மடியில் வைத்தே சாப்பிடலாம். மறுநாள் காலை 10 மணிக்குள் இதை முடித்துவிட வேண்டும்.

அதற்கு அடுத்த வேளைக்குப் புளிசாதம். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்ட வையுங்கள். தண்ணீர் வற்றிப்போன காய்ச்சல்தான் சாதத்தைக் காப்பாற்றும். சாதம் விதை விதையாக இருக்கட்டும், இதையும் முழுக்க ஆறவிட்டுத்தான் கிளற வேண்டும். எலுமிச்சை சாதம் அத்தனை நேரம் தாங்காது, தேங்காய் சாதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் சிதம்பரத்துச் சம்பா சாதம் மாதிரி மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டுச் செய்து தருவேன். ஆனால் நெய் மட்டும் விடுவதில்லை. விமானக் குளிரில் நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நல்லெண்ணெய் உறையாது.

சப்பாத்தி கேட்பவர்களுக்கு உள்ளே தக்காளித் தொக்கை மெல்லத் தடவிச் சுருட்டிக் கொடுத்துவிடுவேன். காரணம் இருக்கிறது. தொக்கு, சட்னி, தயிர், ஊறுகாய், பாயசம் எல்லாமே பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பா என்றால் பாதி காலியாக இருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சப்பாத்திக்குள் தடவிவிட்டால் அது பலகாரம், யாரும் கேட்கமாட்டார்கள். தயிர்சாதத்தை இதனால்தான் நான் கட்டுவதே இல்லை. குழந்தைக்கு வழியில் தேவைப்படுகிற பால், கஞ்சி, நோயாளிகளின் மருந்து இவற்றுக்கு இந்த அளவு பொருந்தாது, சோதனையில் முன்னாலேயே எடுத்துக் காட்டுங்கள். மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி, எண்ணெய் ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், அது தீப்பற்றும் பொருள்.

கசகசா! இதைத் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து காதில் வாங்கிக்கொள்ளுங்கள். குருமாவுக்கு அரைக்கிற சாதாரணக் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். துபாயில் விமானம் மாறுகிறவர்கள் கைப்பையிலோ பெட்டியிலோ ஒரு பொட்டலம்கூட வைக்கக் கூடாது. மாமியார் ஆசையாக அரைத்துக் கொடுத்த மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சிங்கப்பூருக்கும் இதே கதைதான்.

நடுநடுவே கொறிக்க, பண்ருட்டி முந்திரியை மிளகு உப்போடு வறுத்து ஒரு கைப்பிடி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை. பொரிவிளங்காய் உருண்டை வழிப் பயணத்துக்கென்றே நம் பாட்டிமார் கண்டுபிடித்தது. வறுத்த அரிசி, பயறு, வெல்லம், சுக்கு, வாரக்கணக்கில் கெடாது. பல் தாங்காத பெரியவர்களுக்குப் பாகை இளக்கமாக வைத்துப் பிடித்துத் தருகிறேன். டிசம்பரில் போகிறவர்கள் நம் ஊர் விவிக்கம் கேக்கைத் துண்டு போட்டு வைத்துக்கொள்ளலாம். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறின பழமும் சேர்ந்தது, நாள்பட நாள்படச் சுவை கூடும். மிஷன் வீதிப் பக்கத்து பேக்கரியில் அன்று காலை சுட்ட பிரெஞ்சு ரொட்டி ஒன்றும் கைகொடுக்கும். முறுக்கு, தட்டை வேண்டாம், இருட்டில் எல்லோரும் தூங்கும்போது கடக் முடக்கென்று சத்தம், மடியெல்லாம் தூள். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடலை, முந்திரி ஒவ்வாமை என்று பணிப்பெண் வந்து சொன்னால், அந்தப் பொட்டலத்தை இறங்கும்வரை பிரிக்காதீர்கள். சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

குமட்டலுக்கு இஞ்சி மரப்பாவும் நன்றாகக் காய்ந்த உப்பு நார்த்தையும். நார்த்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் இறங்கும் நேரத்துக் காதடைப்புக்கும் நல்லது, எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்போம் அல்லவா. சுக்கு மல்லிப் பொடியைச் சின்னக் காகிதப் பொட்டலங்களாக மடித்து வையுங்கள். வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள், கலக்கிக் குடிக்கலாம். நாம் கொண்டுபோகிற சாப்பாட்டைச் சூடாக்கித் தருவார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எதை எப்போது சாப்பிடுவது என்பதற்கு நான் சொல்லிக் கொடுக்கிற வரிசை இது. வீட்டில் இரவு எட்டரைக்கு ரசம் சாதம். சோதனை முடிந்து கேட்டுக்கு வந்ததும், பசி இருந்தால், இரண்டு இட்லி. காலி பாட்டிலை எடுத்துப்போய் அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் தட்டு வரும். அப்போது விடியற்காலை 5 மணி, உடம்பு கேட்பது தூக்கத்தை. சாப்பிடத் தோன்றாவிட்டால் மூடியிருக்கிற பன், பிஸ்கட், தண்ணீர் டப்பாவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தூங்கிவிடுங்கள். சூடான குழம்பையோ கோழியையோ பிறகு சாப்பிடலாம் என்று வைக்க வேண்டாம். துபாயில் இறங்கும்போது நம் ஊரில் காலை 8 மணி, அதுதான் பல் தேய்த்துவிட்டு மீதி இட்லியை முடிக்கிற நேரம். இரண்டாவது விமானத்தில் முதலில் வருகிற சாப்பாட்டை நன்றாகச் சாப்பிடுங்கள். புளிசாதத்தையும் மதியம் 12, 1 மணிக்குள் முடித்துவிடுங்கள், முடிக்காதது குப்பைக்குப் போகட்டும். அதற்குப் பிறகு பசித்தால் பின்பக்கம் நடந்துபோய்க் கேளுங்கள். சாண்ட்விச், பிஸ்கட், பழம் எதாவது வைத்திருப்பார்கள், கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

பெண்கள் பலர் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய தவறு. ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள், மணிக்கு ஒரு தம்ளராவது குடியுங்கள், எழுந்து நடங்கள். கால் வீக்கத்துக்கு அதுதான் மருந்து. இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி மருந்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டி போகிற இடத்தில் உறைந்துபோக வாய்ப்புண்டு. தட்டு கண்ணெதிரில் வந்த பிறகு ஊசி போடுங்கள். விமானத்தின் ஆட்டம் அதிகமானால் சாப்பாட்டு வண்டியை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். பாரிஸ் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருப்பதால், மருந்து நேரத்தை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இறங்குவதற்கு முன்னால் பையை ஒரு தடவை துழாவுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. விமானத்தில் கொடுத்த சீஸ், வெண்ணெய், கோழி சாண்ட்விச் எல்லாம் விமானத்திலேயே இருக்கட்டும், பால்கோவாவும் அப்படியே. பழங்களில் வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, துரியன் தவிர மற்றவற்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கொய்யா, மாம்பழம், கறிவேப்பிலை, ஏன், இட்லி மடித்த வாழையிலைகூட வேண்டாம். மீனுக்கு மட்டும் 20 கிலோ வரை அனுமதி இருப்பதால் கடலூர்த் துறைமுகத்துக் கருவாட்டைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் பெரிய பெட்டியில், மூன்று உறை போட்டு. கைப்பையில் வைத்து, மூடிய விமானத்தில் முன்னூறு பேரை மூச்சடைக்க வைக்கக் கூடாது.

மளிகை மொத்தத்தையும் இங்கிருந்து சுமக்காதீர்கள். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேலில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய், புழுங்கலரிசி, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். ஊருக்குத் திரும்பும்போது வழிச் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். உளுந்து வடையும் மீன் ரோலும் கிளம்புகிற அன்று வாங்கி, ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றுங்கள். முதல் விமானத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.